மலர்கொடி போட்ட கேஸ்

இனிமேல் மனைவியின் போனை எட்டிப் பார்ப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் தீர்மானம் எடுத்தேன். நாலு ஐந்துக்கு அந்தத் தீர்மானம் காலாவதியாகிவிட்டது. இடையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஹாலில் சார்ஜில் கிடந்த அவள் போன் ஒருமுறை மினுங்கியது. நான் பார்க்கவில்லை. அதுவாக என் கண்ணில் வந்து விழுந்தது.

"கவலைப்படாதீங்க மலர்கொடி. உங்களுக்கு நான் இருக்கேன். ஜெயகணேஷ்."

அவளுக்குத்தான் நான் இருக்கிறேனே. இவர் எதற்கு இருக்கிறார்?

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் செங்குட்டுவன். பெயரில் மட்டும்தான் ராஜா. வயது நாற்பத்தேழு. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், மைன்ஸில் கன்வேயர் செக்‌ஷனில் பெர்மனன்ட் வேலை. பழுப்பு நிலக்கரி போகிற பெல்ட்டின் ஓரமாகவே நடந்து, அடியில் சுற்றும் ரோலர்களில் எது சத்தம் மாறி ஓடுகிறது என்று காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் என் காது தப்பாகச் சொன்னதில்லை. அந்த ரோலருக்கு மைன்ஸில் ஐட்லர் என்று பெயர். இங்கிலீஷில் ஐட்லர் என்றால் சும்மா இருப்பவன் என்றும் ஓர் அர்த்தம் உண்டாம். "ரோலராவது சுத்திக்கினு இருக்குது" என்று மலர்கொடி ஒருமுறை சொன்னாள். எதற்காகச் சொன்னாள் என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

மலர்கொடி மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். பதினெட்டு வருஷமாக ஊருக்கே ஊசி போடுகிறாள். போன ஜூலையில் மேல்படிப்பு படிக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஆன்லைனில் நடத்தும் நர்சிங் முதுநிலைப் படிப்பு. வகுப்பு, வீட்டுப்பாடம், பரீட்சை எல்லாமே லேப்டாப்பில்தான். வீட்டில் இருந்தபடியே படிப்பதால் நல்லதுதான் என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தேன். அவள் அதற்கு முந்தின வாரமே சேர்ந்திருந்தாள்.

நேராகச் சமையலறைக்குப் போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு ஜெயகணேஷ்?"

"சப்போர்ட்."

"என்னா சப்போர்ட்?"

"ஸ்டூடண்ட் சப்போர்ட். ஆன்லைன்ல படிக்கிறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆள் போட்ருக்காங்க. சென்னைல இருக்காரு. பாடம் புரியலையா, லாகின் ஆவலையா, மனசு சரியில்லையா, எதுன்னாலும் அவருகிட்ட சொல்லலாம். ஞாயித்துக்கெழம நாலு மணிக்குக் கூப்புடுவாரு."

"மனசு சரியில்லன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். டிவி சவுண்ட கொறைங்க, கொஞ்சம் பேசணும்னேன். விளம்பரம் வரட்டும்னீங்க."

"விளம்பரம் வரலையா?"

"வந்துது. சேனல மாத்திட்டீங்க."

நான் பேச்சை மாற்றினேன்.

"சப்போர்ட்டுன்னு ஒருத்தர் இருந்தா, எதிர்த்தரப்புன்னும் ஒருத்தர் இருக்கணுமே. அது யாரு?"

"நானே வெங்காயத்துக்கு அழுதுகினு இருக்கேன். போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். பதில் வரவில்லை என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஜனவரி முதல் வாரம். ஷிஃப்ட் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது நாலு பக்கத் தாள் ஒன்றை நீட்டினாள்.

"என்னா இது?"

"படிப்புக்கு. ஒரு கையெழுத்து வேணும். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

நான் சந்தேகப் பிராணி. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் நாலு பக்கமும் பொடி எழுத்தில் இங்கிலீஷ். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே அளவு நேரம் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒருமுறை தலையாட்டினேன். கடைசியில் முக்கியமான கேள்வியைக் கேட்டேன்.

"தேதி போடணுமா?"

"போடுங்க."

போட்டேன்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு போன் வந்தது. மலர்கொடி போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் கதவுக்கு வெளியே நின்று காலண்டரில் தேதி பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் கதவுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. சத்தம் தாராளமாக வரும்.

"கேஸ் ஆரம்பிச்சாச்சு சார்" என்றாள்.

புது சிலிண்டர் மாட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். அதை எதற்குச் சென்னையில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும்? சமையலறைக்குப் போய் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பழைய சிலிண்டர்தான். பாதி இருந்தது. திரும்ப ஓடிவந்து காலண்டர் பார்த்தேன்.

"கையெழுத்து போட்டுட்டாரு சார். எட்டு வாரம் எவிடென்ஸ் சேக்கணும் இல்லீங்களா? வூட்ல என்னா வேலை செய்யிறாரு, என்னா செய்யலைன்னு எல்லாம் தேதி போட்டு எழுதிக்கினு வரேன். கேஸ் நிக்குமான்னுதான் பயமா இருக்குது. நீங்க சப்போர்ட் பண்ணா நிக்கும்."

அவள் தெளிவாகப் பேசினாள். பரீட்சைக்கு டிக்டேஷன் கொடுப்பது போல நிறுத்தி நிறுத்திப் பேசினாள். இருபது வருஷக் குடித்தனம், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கும் ஒரு மகள், இவ்வளவுக்கும் பிறகு என் மேல் கேஸ். அதுவும் என் கையெழுத்தோடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலண்டரில் மார்ச் மாதம் வரை திருப்பியிருந்தேன்.

இந்த மாதிரி நேரத்தில் டவுன்ஷிப்பில் எனக்கு இருப்பது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வேணு அண்ணன் ஒருத்தர்தான். அவரும் மைன்ஸ்தான், ஒர்க்‌ஷாப். ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டுப் பேப்பர் படிப்பார். அவர் மனைவி பட்டம்மாள் அண்ணி அந்தச் சேருக்கே டீ கொண்டுவந்து கொடுப்பார். வேணு அண்ணனுக்குச் சட்டம் அத்துப்படி. அவருடைய மச்சான் கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"கையெழுத்து போட்டியா?" என்றார்.

"போட்டேண்ணே."

"படிச்சியா?"

"தேதி போட்டேன்."

"எத்தினி பக்கம்?"

"நாலு."

அவர் பேப்பரை மடித்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"நாலு பக்கம்னா மியூச்சுவல்தான். ஒத்தப் பக்கம்னா அது வாடகை ஒப்பந்தம். எம் மச்சான் டெய்லி எடுத்துக்கினு இருக்கான், எனக்குத் தெரியாதா?"

"மியூச்சுவல்னா?"

"ரெண்டு பேரும் மனசார பிரியறது."

"எனக்கு மனசே இல்லியேண்ணே."

"கையெழுத்து இருக்குதே."

பட்டம்மாள் அண்ணி டீயோடு வந்தார். அவர் உள்ளே போகும் வரை இருவரும் வானிலை பற்றிப் பேசினோம். பிறகு வேணு அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"எவிடென்ஸுன்னு சொன்னுச்சா?"

"சொன்னா."

"அப்ப வழி இருக்கு. புருஷன் வூட்ல ஒரு வேலையும் தொடறதில்லன்னு எழுதிக்கினு வருது. நீ தொட்டுட்டா? எழுதறதுக்கு என்னா இருக்கும்? எவிடென்ஸ் இல்லாத கேஸ் எப்பிடி நிக்கும்?"

"எல்லா வேலையுமா தொடணும்?"

"எதை உட்டாலும் அதை எழுதிப்புடும்."

"நீங்க இருந்தா செய்வீங்களா?"

"எம் மேலதான் கேஸே இல்லியே" என்று டீயை உறிஞ்சினார்.

அன்றே எவிடென்ஸ் ஒழிப்புத் திட்டம் ஆரம்பமானது. அந்த வாரம் எனக்கு மதிய ஷிஃப்ட். காலையில் மலர்கொடி டூட்டிக்குப் போனதும் ஒவ்வொரு தடயமாக அழித்தேன். பாத்திரம் கழுவினேன். வீடு பெருக்கினேன். துணி துவைத்தேன். சோற்றை வடித்து, சாம்பார் என்று நான் பெயர் வைத்த ஒன்றையும் செய்துவைத்தேன். மறுநாள் காலை நானே கேட்டேன்.

"சாம்பார்ல உப்பு இருந்துதா?"

"இருந்துது."

"போதுமா?"

"இந்த வாரத்துக்குப் போதும்."

சொல்லிவிட்டு ஒரு நீல நோட்டை எடுத்து எழுதினாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டாள்.

"என்னா எழுதுற?"

"பாடம்."

பாடத்துக்கு நடுவில் யாராவது என்னை நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பார்களா? அவள் டூட்டிக்குப் போனதும் நோட்டைத் தேடினேன். அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. முன்பெல்லாம் அந்த இடம் எனக்குத் தெரியவே தெரியாது. சமையலறைப் பக்கம் போக ஆரம்பித்ததால் வந்த பலன்.

"புதன்: சொல்லாமலே பாத்திரம் கழுவினார். முணுமுணுப்பு மூன்று முறை. துணி துவைத்தார். என் வெள்ளை யூனிபார்ம் ரோஸ் ஆனது. நோக்கம் நல்லது."

ஜட்ஜ் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? வேணு அண்ணனிடம் ஓடினேன். 'நோக்கம் நல்லது' எங்கள் தரப்புக்குச் சாதகம், முணுமுணுப்புதான் பாதகம் என்றார். அன்றிலிருந்து முணுமுணுப்பதையும் நிறுத்தினேன். பாத்திரம் கழுவும்போது வேண்டுமென்றே ஏதாவது பாட்டை விசிலடித்தேன். அதையும் எழுதினாள்.

மூன்றாவது வாரம் ரசம் கைவந்தது. நான்காவது வாரம் மிளகாய்ப் பொடி டின்னுக்கும் மல்லிப் பொடி டின்னுக்கும் வித்தியாசம் பிடிபட்டது. ஐந்தாவது வாரத்தில் ஒரு சாயங்காலம், அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க, நான் டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். நிமிர்ந்து பார்த்து, "தேங்ஸ்ங்க" என்றாள். முகத்தில் ஒரு களை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உடனே எனக்குச் சந்தேகம் வந்தது. இருபது வருஷத்தில் வராத தேங்ஸ் இப்போது எப்படி வருகிறது? வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பார்.

ஆறாவது வாரம் என்னால் தாங்க முடியவில்லை. அவள் போனிலிருந்து ஜெயகணேஷ் நம்பரை எடுத்து, மைன்ஸ் கேன்டீன் பின்னால் நின்று கூப்பிட்டேன்.

"மலர்கொடி வீட்டுக்காரன் பேசறேன்."

"சார், ரொம்ப சந்தோஷம். குடும்பத்திலேருந்து யாருமே கூப்பிட மாட்டாங்க. நீங்கதான் முதல் ஆள்."

குரல் தேன் மாதிரி இருந்தது. வக்கீல் குரல் அப்படித்தான் இருக்கும்.

"கேஸ் எப்படிப் போவுது?" என்று ஆழம் பார்த்தேன்.

"பிரமாதமா போகுது சார். டிசம்பர்ல அவங்க விலகிடறேன்னு மெயில் போட்டப்ப நான் இவ்வளவு எதிர்பார்க்கல."

"விலகிடறேன்னு எழுதினாளா?"

"மூணே வரி சார். டூட்டி, வீட்டு வேலை, எல்லாத்தையும் ஒருத்தியா பார்க்க முடியல. யாரையும் குத்தம் சொல்லல. விலகிக்கறேன். அவ்வளவுதான். நான் உடனே போன் பண்ணினேன். ஒரு மணி நேரம் அழுதாங்க. அவசரப்படாதீங்க, முதல்ல ஒரு கேஸ் எடுத்துப் பார்க்கலாம்னு நான்தான் ஐடியா கொடுத்தேன்."

"ஐடியா உங்களுதா?"

"ஆமா சார்" என்றார் பெருமையாக.

"அதை வாபஸ் வாங்க முடியாதா? நான் இப்பல்லாம் ரசம் வைக்கிறேன் சார்."

"இந்த நேரத்துல ஏன் சார் வாபஸ்? இன்னும் ரெண்டு வாரம்தான். கன்ட்ரோல் வேற அவ்வளவு நல்லா அமைஞ்சிருக்கு."

"கன்ட்ரோலா? யாரு அது?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது சார். ரகசியம். பக்கத்து வீட்டுக்காரர்னு மட்டும் வச்சுக்கங்க."

எனக்குக் கேன்டீன் சுவர் தேவைப்பட்டது. கன்ட்ரோல் என்றால் என்ன என்று மைன்ஸில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கன்ட்ரோல் ரூமில் ஒருத்தர் சேரில் உட்கார்ந்தே இருப்பார். வெயிலில் வரமாட்டார். கையில் தூசி படாது. வாக்கிடாக்கியில் அவர் ஓடு என்றால் பெல்ட் ஓடும், நில் என்றால் நிற்கும். வேணு அண்ணன் வாசலில் சேரில் உட்கார்ந்தே இருக்கிறார். பாத்திரம் கழுவு என்றார், கழுவினேன். முணுமுணுக்காதே என்றார், விசிலடித்தேன். ஆறு வாரமாக என்னை ஓட்டியது யார் என்று இப்போது விளங்கிவிட்டது.

ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அவர் வாசலுக்குப் போனேன்.

"கன்ட்ரோல் நீங்கதானாண்ணே?"

வேணு அண்ணன் பேப்பரை இறக்கினார்.

"என்னா கன்ட்ரோலு? எனக்கு சுகரே கன்ட்ரோல்ல இல்ல."

"நடிக்காதீங்க. எல்லாத்தையும் உக்காந்த எடத்துலேருந்து ஓட்டினது நீங்கதான். வக்கீலே சொல்லிட்டாரு."

"எந்த வக்கீலு?"

"ஜெயகணேஷ்."

சத்தம் கேட்டு பட்டம்மாள் அண்ணி வந்தார். டூட்டி முடிந்து அப்போதுதான் வந்து இறங்கிய மலர்கொடியும் பையோடு வந்து நின்றாள். ரோஸ் யூனிபார்ம். நான் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன்.

"நான் உன்னை உட்டுட்டு இருக்க மாட்டேன் மலரு. கேஸ வாபஸ் வாங்கிடு. இன்னும் எது கத்துக்கணுமோ கத்துக்கறேன். வத்தக்குழம்பு மட்டும்தான் பாக்கி."

மலர்கொடி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்காமல் இருந்தாள்.

"கேஸ் ஸ்டடிங்க" என்றாள்.

"என்னாது?"

"வேலைக்குப் போற நர்ஸு மேல்படிப்பு படிக்கறப்ப வூட்ல சப்போர்ட்ட எப்பிடி உண்டாக்கறதுன்னு ஒரு கேஸ் ஸ்டடி. எட்டு வாரம். அதுக்குத்தான் கையெழுத்து. கேஸ் நீங்க."

"அப்ப டைவர்ஸ்?"

"யாருக்கு?"

"கதவுக்கு உள்ள கேஸுன்னுதானே சொன்ன? ஸ்டடின்னு சொல்லவே இல்லியே."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். கதவுக்கு அடியில ஒங்க காலு ரெண்டும் தெரிஞ்சுது. ஸ்டடிய முழுங்கிட்டேன்."

பட்டம்மாள் அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் வேணு அண்ணனைக் காட்டினேன்.

"இவரு கன்ட்ரோலுன்னாங்களே?"

"ஆமா. ஆராய்ச்சில ரெண்டு பேரை எடுக்கணும். ஒருத்தரை மாத்திப் பாக்கணும். இன்னொருத்தரை ஒன்னுமே செய்யாம அப்பிடியே உட்டுட்டுப் பாக்கணும். அப்பிடி உட்டவருக்குப் பேருதான் கன்ட்ரோல். அண்ணனும் கையெழுத்து போட்டுக் குடுத்தாரு."

"படிச்சீங்களாண்ணே?" என்றேன்.

"பட்டம்மாதான் குடுத்துச்சு" என்றார் வேணு அண்ணன். அவருக்கு முகம் செத்துப்போயிருந்தது.

வீட்டுக்குள் வந்தோம். எனக்கு ஒரு நிமிஷம் பெரிய நிம்மதி. அவள் விலகப் பார்த்தது படிப்பிலிருந்துதான், என்னிடமிருந்து இல்லை. அடுத்த நிமிஷம் அந்த நிம்மதி போய்விட்டது. டிசம்பரில் அவள் அந்த மூன்று வரியை எழுதும்போது நான் அதே ஹாலில்தான் இருந்திருப்பேன். பத்தடி தூரத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். ரோலர் லேசாக முனகினாலே கேட்கிற காது இது. பெண்டாட்டி அழுதது கேட்கவில்லை. சென்னையில் முகம் தெரியாத ஒருத்தர் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறார். அவரைப் போய் வக்கீல் என்று நினைத்தேன்.

"எனக்கு வெக்கமா இருக்கு மலரு" என்றேன்.

"இருங்க" என்று நீல நோட்டை எடுத்தாள். "அதையும் எழுதிக்கறேன்."

இரண்டு வாரம் கழித்து ஸ்டடியை எழுதி முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். மார்ச் கடைசியில் மார்க் வந்தது. வகுப்பிலேயே அவள்தான் முதல். ஜெயகணேஷ் கூப்பிட்டு வாழ்த்தினார். போனை வாங்கி நானும் அவருக்கு நன்றி சொன்னேன். கேஸுக்கும் வாழ்த்துகள் சார் என்றார். மலர்கொடி அன்று மார்க் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அதே சமயம், ஸ்டடி முடிந்துவிட்டது என்பதும் என் மண்டையில் ஓடியது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேணு அண்ணன் சேரில் உட்கார்ந்து பேப்பரில் மூன்றாம் பக்கம் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆவி பறக்கும் டீ. என் கையில் பாத்திரம் தேய்க்கும் நார்.

மெதுவாக ஆரம்பித்தேன்.

"மலரு, அடுத்த செமஸ்டர்லயும் கேஸ் ஸ்டடி இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப அண்ணனை மாத்திப் பாரு. எனக்கொன்னும் வருத்தமில்ல. இந்த தடவை நான் கன்ட்ரோலா இருந்துக்கறேன்."

மலர்கொடி கழுவாத குக்கரை என் பக்கம் நகர்த்தினாள்.

"அதுக்கு எதுக்குங்க அடுத்த செமஸ்டர்? இருபது வருஷமா என் கன்ட்ரோல்லதானே இருக்கீங்க."